பங்குனி வெயிலில் மாடித்தோட்டம்: இழுத்துப் பிடிப்பதா, மாற்றிப் போடுவதா, காயவிடுவதா?

பங்குனி பிறந்ததும் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் வருகிற கேள்விதான் இது. மார்கழியிலும் தையிலும் வைத்த தக்காளி, கத்தரி, மிளகாய் இன்னும் காய்க்கின்றன, ஆனால் பழைய வேகம் இல்லை. பூ கொட்டுகிறது, இலை சுருள்கிறது, மத்தியானம் மாடிக்குப் போனால் செடி எல்லாம் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கிவிடும், 28 வரைக்கும் விடாது. அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். இருக்கிற செடிகளையே நிழல் வலை கட்டி, தண்ணீர் ஊற்றி இழுத்துப் பிடிக்கலாம். இல்லை, பிடுங்கிப் போட்டுவிட்டு வெயில் தாங்குகிற வெண்டை, கொத்தவரை, கீரை என்று மாற்றிப் போடலாம். அதுவும் வேண்டாமென்றால் மண்ணைக் கொட்டிக் காயவிட்டு ஆடிப் பட்டத்துக்குத் தயாராகலாம்.

நான் எழுதுவது திருச்சி வெயிலை வைத்து. மதுரை, சேலம், வேலூர்க்காரர்களுக்கு அப்படியே பொருந்தும். சென்னையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வந்து கொஞ்சம் காப்பாற்றும், கோவையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறது, அங்கெல்லாம் நான் சொல்வதில் ஒரு சுற்று குறைத்துக்கொள்ளலாம். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது.

பலரும் இதை மொத்தத் தோட்டத்துக்கும் ஒரே முடிவாக எடுக்கப் பார்க்கிறார்கள். வலை வாங்கினால் எல்லாவற்றுக்கும் வலை, பிடுங்கினால் எல்லாவற்றையும் பிடுங்கு. அப்படி வேண்டாம். செடிக்குச் செடி முடிவு மாறும், ஏன் மாறும் என்று தெரிந்துகொண்டால் பாதிச் செலவும் பாதித் தண்ணீரும் மிச்சம்.

முதலில் தக்காளி, ஏனென்றால் எல்லோருக்கும் மனசு வராதது அதில்தான். பச்சைப் பசேல் என்று இலை இருக்கும், பூவும் இருக்கும், அதை எப்படிப் பிடுங்குவது? ஆனால் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டத் தாண்ட, இரவு வெப்பமும் 24-க்குக் கீழே இறங்காமல் போனால், தக்காளிப் பூவில் மகரந்தம் சரியாக உருவாகாது. பூ பூக்கும், இரண்டு நாளில் காம்போடு உதிரும். இதில் பலர் கவனிக்காமல் விடுவது அந்த இரவு வெப்பம். நிழல் வலை பகல் வெயிலைத்தான் குறைக்கும். மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை ராத்திரி பத்து மணிக்கும் விட்டுக்கொண்டிருக்கிறது, செருப்பில்லாமல் நடந்து பார்த்தாலே தெரியும். அதற்கு வலை என்ன செய்யும்? ஆக, சித்திரையிலும் வைகாசியிலும் மாடித் தக்காளிக்கு வலை, டானிக், பூ உதிராமல் இருக்க மருந்து என்று செலவு செய்வது வீண் என்பது என் கருத்து. பி.கே.எம் 1 மாதிரி நம்ம ஊருக்கென்றே வந்த ரகமானாலும் சரி. சிறு தக்காளி ரகம் வைத்திருந்தால் மட்டும் ஒன்றிரண்டு செடியை ஆசைக்கு விட்டுப் பார்க்கலாம், சிறு காய் ரகங்கள் பெரிய காய் ரகங்களைவிடக் கொஞ்சம் தாங்கும்.

அதற்காக இன்றைக்கே பிடுங்கச் சொல்லவில்லை. இப்போது தொங்குகிற காய்களை எடுத்துவிட்டுப் பிடுங்குங்கள், ஆனால் செடியிலேயே பழுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் போனால் தக்காளிக்குச் சிவப்பு நிறம் தருகிற பொருள் சரியாக உருவாவதில்லை, அதனால்தான் கோடைத் தக்காளி சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடுகிறது. போதாததற்கு வெயில் படுகிற பக்கம் வெளுத்து வெந்துபோகும், மிச்சத்தை அணில் கடித்துவிட்டுப் போகும். அடிப்பக்கத்தில் லேசாக நிறம் மாறிச் செங்காயாகும்போதே பறித்து, வீட்டுக்குள் இருப்பதிலேயே குளிர்ந்த மூலையில் ஒரு கூடையில் காம்பு கீழே பார்க்க ஒற்றை அடுக்காகப் பரப்பி வைத்தால் செடியில் விட்டதைவிட நன்றாகவே பழுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் பழுக்காது.

காய் அடியில் கறுப்பாகக் குழிந்து அழுகியிருந்தால் பூச்சி, நோய் என்று மருந்து தேட வேண்டாம். ஒருநாள் காய்ந்து ஒருநாள் வெள்ளமாகத் தண்ணீர் போனால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது, அதனால் வருவது. கோடையில் பைகளில் இது சாதாரணம்.

கத்தரி கதையே வேறு. கத்தரியைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிறெரிகிறது. தைக்கு முன்னால் வைத்த கத்தரி இப்போது உயரமாக வளர்ந்து, அடி இலை எல்லாம் உதிர்ந்து, நுனியில் நாலு சொத்தைக் காயோடு நிற்கும். அதை மறுதாம்பு விடுங்கள், அதாவது வெட்டிவிட்டு அடித்தண்டிலிருந்து திரும்பத் துளிர்க்க விடுங்கள். பங்குனி முதல் பாதியிலேயே, ஒரு சாயங்காலம், மண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு அடி உயரம் விட்டு, நல்ல கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, கூர்மையான கத்தரியால் சாய்வாக ஒரே வெட்டு. மொண்ணைக் கத்தியால் நசுக்கினால் அங்கிருந்தே காயத் தொடங்கும். கீழே இரண்டு மூன்று பக்கக் கிளையில் நாலைந்து இலையாவது இருக்கட்டும், மொட்டைக் குச்சியாக விட வேண்டாம், வெயிலில் தண்டுப் பட்டை வெடிக்கும். வெட்டிய தண்டைப் பிளந்து பாருங்கள், உள்ளே ஓட்டையும் ரோஸ் நிறப் புழுவும் இருந்தால் குப்பைத் தொட்டியில் போட வேண்டும், உரக்குழியில் போடக் கூடாது. பைக்கு இரண்டு கை மண்புழு உரமும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் மேல் மண்ணில் கிளறி, காய்ந்த இலையால் மூடாக்கு போட்டு, தண்ணீரை அளவாக ஊற்றி வந்தால் பக்கத்துக் கணுக்களிலிருந்து துளிர் வரும். இலை பெரும்பாலும் போய்விட்டதால் செடி குடிக்கிற தண்ணீரும் பாதியாகிவிடுகிறது, கோடையில் இதுவே பெரிய லாபம். கத்திரி வெயில் முழுக்க அது தழைத்துக்கொண்டே இருக்கும், கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் காய்க்கும். ஆடியில் புது நாற்று வைத்தவர்கள் காய்க்குக் காத்திருக்கும்போது உங்கள் வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் இருக்கும்.

மிளகாயை வைத்துக்கொள்ளலாம், ஆனால் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டிருந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து இலைக்காம்பு நீண்டிருந்தால் செம்பேன். நுனி மட்டும் சுருண்டிருந்தால் கிள்ளிப் போட்டுவிட்டு, இலையின் அடிப்பக்கத்தில் படுகிற மாதிரி காலையில் பச்சைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், வறண்ட சூட்டில் பெருகுகிற பூச்சிகளுக்கு அந்த ஈரமே ஆகாது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒருமுறை அடிக்கலாம், சூரியன் இறங்கிய பிறகு மட்டும். கந்தகத் தூள் செம்பேனுக்கு நல்லதுதான், ஆனால் இந்த வெயிலில் இலையைக் கருக்கிவிடும், இப்போது வேண்டாம். செடி முழுக்கச் சுருண்டு குட்டையாகி நின்றால் பாவம் பார்க்காமல் பிடுங்குங்கள், அதை வைத்துக்கொண்டிருந்தால் பக்கத்துச் செடிக்கும் போகும்.

பிடுங்கும்போது ஒரு வேலை செய்யுங்கள், ஒவ்வொரு செடியின் வேரையும் வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரிலேயே முடிச்சு முடிச்சாக, மணி கோத்த மாதிரி வீங்கியிருந்தால் அந்தப் பையில் நூற்புழு இருக்கிறது, வேரைத் தாக்குகிற கண்ணுக்குத் தெரியாத புழு. தட்டைப்பயறு, கொத்தவரை வேரிலும் முடிச்சு இருக்கும், அது வேறு, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்துவிடும், உள்ளே ரோஸ் நிறமாக இருக்கும், அது நல்லது. நூற்புழு முடிச்சு வேரோடு ஒட்டி வேராகவே இருக்கும், உதிராது. இப்படி அடையாளம் கண்ட பைகளுக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுத் தனியாக வையுங்கள். அந்தப் பையில் வெண்டை போட்டால் வெண்டைக்கும் வரும், தட்டைப்பயறுக்கும் வரும். அவற்றுக்கு மூன்றாவது வழிதான், காயவிடுவது. மாற்றிப் போடுவதா காயவிடுவதா என்ற தகராறைப் பாதிப் பைகளுக்கு இந்த வேரே தீர்த்துவிடும்.

நல்ல பைகளில் என்ன மாற்றிப் போடலாம்?

இந்தப் பட்டத்தில் என் முதல் வாக்கு கீரைக்கு, இரண்டாவது கொத்தவரைக்கு, மூன்றாவதுதான் வெண்டைக்கு. யாரைக் கேட்டாலும் வெண்டையைத்தான் முதலில் சொல்வார்கள், எனக்குச் சம்மதமில்லை.

வெண்டை வெயிலைத் தாங்கும், சந்தேகமே இல்லை. பங்குனி தொடக்கத்தில் விதையை ராத்திரி ஊறவைத்து, பைக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழத்தில் நேரடியாக ஊன்றினால், 45 நாளில், அதாவது கத்திரி தொடங்குகிற நேரத்தில் முதல் காய் கிடைக்கும். சிக்கல் வெள்ளை ஈ. கோடையில் அது பெருகும், அது பரப்புகிற வைரஸால் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வரும், இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளுத்துப் போகும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா இந்த நோயைத் தாங்குவதற்கென்றே உருவாக்கிய ரகம், நாட்டு விதை கிடைக்காவிட்டால் அதை வாங்கலாம், ஆனால் அதையும் முழுசாக நம்பிவிட முடியாது. மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றிரண்டு தொங்கவிடுங்கள், நோய் வந்த செடியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், வைரஸுக்கு மருந்தில்லை. இன்னொன்று, நாலு பேர் வீட்டில் ஒரு பொரியலுக்குத் தேறணும் என்றால் பத்துச் செடியாவது வேண்டும். மூன்று செடி வைத்துவிட்டு நாளுக்கு ஒரு காய் பறித்து ஃபிரிட்ஜில் சேர்த்துக்கொண்டிருப்பதற்குக் கடையிலேயே வாங்கிவிடலாம். அதோடு இரண்டு நாளைக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும். நுனியை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. ஒரு காயை முற்ற விட்டால் செடி விதை பிடிப்பதில் இறங்கிவிடும், புதுப் பிஞ்சு குறையும்.

கொத்தவரை அப்படியில்லை. நம்மூர் மானாவாரிக் காட்டில் விளைகிற பயிர், ஒருவேளை தண்ணீர் தவறினாலும் கோபித்துக்கொள்ளாது, தழைச்சத்தைத் தானே வேரில் சேர்த்துக்கொள்கிறது, அறுவடை முடிந்து செடியை வெட்டிப் பையிலேயே போட்டால் அடுத்த பயிருக்கும் ஆகும். பூசா நவ்பஹார் ரகம் எங்கேயும் கிடைக்கும். பைக்கு இரண்டு செடி விடலாம், கிளைக்காத ரகம் நேராக மேலே போகும், இடம் அடைக்காது. காய் கணுவுக்குக் கணு கொத்தாக வரும், அடிக்கொத்து முதலில் தயாராகும். விரல் நீளத்தில், வளைத்தால் நாரில்லாமல் ஒடிகிற பக்குவத்தில் எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாண்டினால் கயிறுதான், அப்புறம் வத்தல் போடலாம். வெயில் அடிக்கிற மாடியே இருக்கும்போது கொத்தவரை வத்தலுக்கு என்ன குறை? மோரில் உப்புப் போட்டு ஊறவைத்துக் காயவைத்தால் ஆடி மழைக்கு ரசத்தோடு ஆகும். வீட்டில் பிள்ளைகளுக்குக் கொத்தவரை பிடிக்காது என்பது இதன் ஒரே குறை, அதற்கு என்னிடம் வழியில்லை.

கீரைதான் கோடையின் சொத்து. தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் சூட்டில் வேகமாக வளர்கிற இனம், தண்ணீரும் கொஞ்சம் நிழலும் இருந்தால் போதும். காய் பிடிக்கிறதா, பூ உதிர்கிறதா என்ற கவலையே இல்லை, நமக்கு வேண்டியது இலை. ஆழமான பைகூடத் தேவையில்லை, ஆறேழு அங்குல ஆழமுள்ள அகலத் தொட்டி, பழைய பிளாஸ்டிக் தொட்டி, உடைந்த ஐஸ் பெட்டி, அடியில் ஓட்டை இருந்தால் சரி. சிறுகீரை, முளைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவினால் மூன்று, நாலு வாரத்தில் வேரோடு பிடுங்கலாம். இரண்டு தொட்டியில் பத்து நாள் இடைவெளி விட்டுத் தூவினால் கீரைக்காரம்மாவை எதிர்பார்க்க வேண்டாம். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் தூவியதும் மேலே மெல்லிசாக மண் போர்த்தி, ஓரத்தில் மஞ்சள் தூள் போட்டு வையுங்கள்.

அரைக்கீரை என்றால் பிடுங்க வேண்டாம், வெட்டுங்கள். முதல் வெட்டு ஒரு மாதம் போனபின். அதிகாலையில், இலை விறைப்பாக இருக்கும்போது, மண்ணிலிருந்து இரண்டு மூன்று கணு விட்டு அதற்கு மேலே அறுக்க வேண்டும். கணு இல்லாமல் ஒட்ட அறுத்தால் மறுபடி துளிர்க்க அதற்கு இடமே இல்லை. வெட்டிய அன்றைக்குச் சாயங்காலம் மண்புழு உரத்தை ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரோ, லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யமோ ஊற்றினால், பத்து, பன்னிரண்டு நாளில் அடுத்த வெட்டு வரும். தொட்டி ஓரத்தில் தானாக முளைக்கிற பருப்புக்கீரையைக் களை என்று பிடுங்காதீர்கள், தடித்த இலைக்குள்ளேயே தண்ணீரை வைத்துக்கொள்கிற கீரை அது, மே மாதத்தில் உங்களை ஏமாற்றாத ஒன்றென்றால் அதுதான். கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி குச்சி நட்டாலே வரும். மணத்தக்காளிக்குக் கொஞ்சம் நிழல் வேண்டும்.

சுரை, பீர்க்கு, புடலை இப்போது புதுசாகப் போட வேண்டாம். கோடைப் பந்தல் தையிலேயே போட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் விடுங்கள், ஆனால் சூடு ஏற ஏற ஆண் பூ அதிகமாகி, பெண் பூ குறையும். வருகிற பெண் பூவையாவது வீணாக்காமல் கையால் மகரந்தம் தொட்டுவிடலாம், சுரையும் பீர்க்கும் சாயங்காலம் பூப்பவை, பரங்கியும் பாகலும் காலையில். காலையில் போய்ச் சுரைப்பூவைத் தேடினால் வாடினதுதான் கிடைக்கும்.

சமையலுக்கு வேண்டிய வாசனைச் செடிகளில் மட்டும் கொஞ்சம் பேராசை வேண்டாம். கொத்தமல்லி இந்த வெயிலில் நாலு இலை விட்டதும் பூவுக்குப் போய்விடும். வெயிலில் பாதியைத் தடுக்கிற 50 சதவீத வலைக்கு அடியில் வைத்து, உடைத்த மல்லி விதையை நெருக்கமாகத் தூவி, இலை வந்ததும் பூவுக்குக் காத்திராமல் பிடுங்கிக்கொள்வதென்றால் சரி, இல்லையென்றால் புரட்டாசி வரை கடையில் வாங்குங்கள். அதன் இடத்தைப் புதினாவுக்குக் கொடுங்கள். தண்ணீர்த் தொட்டி நிழலிலோ, படிக்கட்டுத் திருப்பத்திலோ, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வைத்தால் புதினா கோடையைத் தாண்டிவிடும். இலை இலையாகக் கிள்ளாமல், மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு மொத்தமாக வெட்டுங்கள். கறிவேப்பிலை பங்குனி, சித்திரையில் துளிர்க்கிற மரம், பூவும் அப்போதே வரும். பூங்கொத்தை நுனியோடு ஒடித்துவிட்டால் பக்கக் கிளை வரும். காம்பு காம்பாக உருவுவதைவிட நுனிக் கிளையை அரை அடி ஒடித்து எடுப்பது செடிக்கு நல்லது, நமக்கும் நிறைய கிடைக்கும். துளசிக்கும் இதே கணக்கு. ஓமவல்லியை யாராலும் கெடுக்க முடியாது, தண்ணீர் மட்டும் அதிகம் வேண்டாம்.

காயவிடுவது

மண்ணைச் சும்மா போடுவது தோற்றுப்போன கணக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். கோடை உழவு கோடி நன்மை என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. காட்டில் உழுது புரட்டிப் போடுகிறார்கள், மாடியில் நாம் கொட்டிக் கிளறப் போகிறோம். தோட்டக்கலைத் துறை மானியத்தில் தருகிற மாடித்தோட்டத் தொகுப்பில் வருகிற மாதிரித் தென்னை நார்க்கழிவை அடிப்படையாக வைத்த கலவை, ஒன்றிரண்டு வருஷத்தில் மட்கி இறுகிவிடும், மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், போர்த் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இன்னும் சீக்கிரம். அந்தப் பைகளில் இப்போது எதைப் போட்டாலும் அரைகுறைதான்.

நூற்புழு, வாடல் நோய் வந்த பைகளின் மண்ணை வெறுமனே காயவைப்பதைவிட, ஒரு தார்ப்பாயில் அரை அடி உயரத்துக்குப் பரப்பி, வேர்களைப் பொறுக்கிவிட்டு, நன்றாக நனைத்து, மேலே நிறமில்லாத கண்ணாடி மாதிரியான பாலித்தீன் தாளைப் போர்த்தி, காற்று போகாமல் ஓரமெல்லாம் செங்கல் வைத்து 4 முதல் 6 வாரம் விட வேண்டும். கறுப்புத் தாள் வேண்டாம், அது வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும், மண்ணுக்குள் அந்த அளவு சூடு இறங்காது. ஈரம் முக்கியம், ஈர மண்ணில்தான் சூடு உள்ளே இறங்கும். இதில் நல்ல நுண்ணுயிரும் கொஞ்சம் செத்துப்போகும், அதனால் திரும்ப நிரப்பும்போது தொழுவுரமும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். மாடியின் வெயிலுக்குக் காசு கிடையாது, வருஷத்தில் இந்த இரண்டு மாதம்தான் அது நமக்கு வேலை செய்யும்.

தண்ணீர், வலை, லீவு

மூன்று வழியில் எது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது தண்ணீர்தான். 12 அங்குலப் பையில் முழுசாக வளர்ந்த ஒரு கத்தரியோ தக்காளியோ கோடையில் நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் கேட்கும். முப்பது பை என்றால் 60 லிட்டர், நாலு வாளி, தினமும், மாடிக்கு. மேல்தொட்டிக் குழாய் மாடியிலேயே இருந்தால் பரவாயில்லை. கீழிருந்து தூக்குகிறவர்கள், லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில் இருப்பவர்கள், முப்பதை இழுத்துப் பிடிக்க ஆசைப்படாமல் பன்னிரண்டு, பதினைந்தோடு நிறுத்துவது நல்லது, அதிலும் பாதி கீரைத் தொட்டி. அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரும் ஏசி சொட்டுகிற தண்ணீரும் தாராளமாகப் போகலாம். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் உப்பு, அதைத் தினமும் ஊற்றிப் பையைக் கெடுக்க வேண்டாம்.

காலையில் ஏழரைக்குள் நன்றாக ஊற்றிவிட வேண்டும். மத்தியானம் செடி வாடினதைப் பார்த்துப் பதறிப்போய் ஊற்றுகிறவர்கள் நிறைய. தொங்குகிற செடியெல்லாம் தண்ணீருக்குத் தொங்கவில்லை, வேர் இழுக்கிற வேகத்தைவிட இலை விடுகிற வேகம் அதிகம், அவ்வளவுதான், ஐந்து மணிக்கு மேல் தானாக நிமிரும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள், நார்க்கழிவு மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே சொதசொதவென்று இருக்கும், அதில் மறுபடி ஊற்றினால் வேர்தான் அழுகும். மறுநாள் காலை ஆறு மணிக்கும் வாடியே இருந்தால்தான் தண்ணீர்க் குறை, அல்லது வேரில் நோய். மத்தியானக் குழாய்த் தண்ணீர் தொட்டால் கை சுடும், அது செடிக்கும் சுடும். ராத்திரியே வாளியில் பிடித்து வைத்தால் காலையில் ஆறியிருக்கும். மூடாக்கு கட்டாயம், காய்ந்த இலை, கரும்புச் சோகை, தேங்காய் மட்டை எதுவானாலும் இரண்டு அங்குலக் கனம்.

வலை வாங்குவதென்றால் 50 சதவீதம் போதும், 75 வாங்கினால் கீரை வெளுத்து நீண்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே கூரை மாதிரிக் கட்ட வேண்டியதுமில்லை. கொத்தவரைக்கும் வெண்டைக்கும் வலை தேவையே இல்லை. கீரை, மிளகாய், புதினா, மறுதாம்புக் கத்தரி இவற்றை ஒரு மூலைக்குச் சேர்த்து, மேற்கு வெயில் விழுகிற பக்கம் தொங்கவிட்டு, மேலே ஏழடிக்குக் குறையாமல் கட்டினால் காற்று ஓடும். தாழ்வாகக் கட்டினால் சூடு அடைத்துக்கொண்டு வெளியில் இருப்பதைவிட மோசமாகும். வலையின் விலை பெரிசில்லை, தூணுக்கும் கம்பிக்கும்தான் காசு. மே மாதக் கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற காற்றில் பாதி வலைகள் பக்கத்து வீட்டு மாடியில்தான் கிடக்கும், முடிச்சை நன்றாகப் போடுங்கள்.

அப்புறம் லீவு. மே மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் இதை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் போகப் போகிறீர்கள், தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், கத்தரியையும் கறிவேப்பிலையையும் புதினாவையும் நிழலில் சேர்த்து வைத்துவிட்டு மீதியைக் காயவிடுங்கள். தலைகீழாகக் கவிழ்த்த பாட்டில் தண்ணீர் துளசிக்குப் போதும், காய்கறிச் செடிக்குப் போதாது. டைமரோடு சொட்டுநீர் வைத்திருப்பவர்கள் புறப்படுவதற்கு முன் ஒரு வாரமாவது அதை ஓடவிட்டு, எந்தச் சொட்டி அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும், கடினத் தண்ணீரில் அது அடைக்காமல் இருக்காது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போனால், தண்ணீர் ஊற்றச் சொல்வதோடு காயையும் கீரையையும் பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘உங்களுக்குன்னு விட்டு வச்சேன்’ என்று அவர் பறிக்காமல் வைத்திருந்தால், திரும்பி வரும்போது வெண்டைக்காய் முழுக்க விறகாகத்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால், முப்பது பையும் மாடியில் குழாயும் இருக்கிற வீட்டுக்கு இப்படி: கத்தரி எல்லாம் மறுதாம்பு, நல்ல மிளகாய் இரண்டு மூன்று, தக்காளி முழுக்க வெளியே. காலியானதில் ஏழெட்டுப் பை கொத்தவரை, கீரைக்கு அகலத் தொட்டிகள், வெண்டை போட்டால் பத்தும் போடுவது, இல்லையென்றால் விட்டுவிடுவது. நூற்புழு வந்ததும் இறுகிப்போனதுமாக எட்டுப் பத்துப் பை மண் பாலித்தீனுக்கு அடியில். வைகாசிக் கடைசியில் அந்தத் தாளை எடுத்து, ஆறவிட்டு, உரம் கலந்து, ஈரமாக வைத்திருந்தால், ஆனி முதல் பாதியில் குழித்தட்டில் போடுகிற தக்காளி விதை 25, 30 நாள் நாற்றாகி ஆடியில் நடுவதற்குச் சரியாக வரும். நாற்றுக்கான குழித்தட்டையும் விதையையும் இப்போதே வாங்கி வைக்க வேண்டாம், விதை வெயிலில் கெட்டுவிடும், ஆனி பிறந்ததும் வாங்கினால் போதும்.